காது இரையும் வரை

ஐரோப்பாவில் பெரிய சண்டை முடிந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அப்போது நான் போடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். இரண்டு அறை, ஒரு தாழ்வாரம். தாழ்வாரத்துக் கோடியில் என் மருந்து மேஜை. டாக்டர் உள்ளறையில் உட்கார்ந்து சீட்டு எழுதுவார். நான் தராசில் நிறுத்துக் கலந்து கொடுப்பேன். ஊர்க்காரர்களுக்கு அவர்கள் கொண்டுவரும் பாட்டிலிலேயே ஊற்றிக் கொடுப்பது வழக்கம். மலையிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் பொட்டலம். பாட்டில் கொடுத்தால் வழியில் வழுக்கி விழுந்து உடைத்துவிட்டு, அடுத்த தடவை கண்ணாடி குத்திய காலோடு வந்து நிற்பார்கள்.

சேர்ந்த புதிதில் ஒரு சங்கதி எனக்குப் பிடிபடவேயில்லை. மூட்டு வலி என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே வியாதி என்றுதான் நினைத்திருந்தேன். ஊரில் அதற்கு ஒரே பேர்தான், வாதம். டாக்டரோ ஆளுக்கொரு சீட்டு எழுதினார். கால் கட்டைவிரல் சிவந்து வீங்கி, வண்டியிலிருந்து இறங்கவே இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்த ஏலக்காய் வியாபாரிக்கு ஒரு கசப்புச் சொட்டு மருந்து. காய்ச்சலோடு இன்றைக்கு முழங்கால், நாளைக்கு முழங்கை என்று வீக்கம் இடம் மாறிக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு, மூட்டைத் தொடுவதற்கு முன்னால் நெஞ்சில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார். முழங்கால் நறநறக்கிற கிழவருக்கு எண்ணெயும் ஓய்வும் போதும் என்று அனுப்பிவிட்டார்.

எப்படிப் பிரித்துப் பார்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கே வலிக்குதுன்னு அவங்களே சொல்லிடுவாங்க. எப்போ வலிக்குதுன்னு நாம கேட்டாத்தான் சொல்வாங்க" என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை. அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கேட்டதற்கு ஒரு வாக்கியம், அவ்வளவுதான்.

நான் சேர்ந்த இரண்டாம் வருஷம் மழை ஓய்ந்த சமயம், ஒரு சந்தை நாளில் அந்தப் பெண் வந்தாள். முப்பத்தைந்து வயசிருக்கும். குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள். புருஷன் பொதிமாடு ஓட்டி மலைக்கும் போடிக்கும் சரக்கு கொண்டுபோகிறவர். அவர்தான் கூட்டிவந்திருந்தார். அவள் இரண்டு கையையும் டாக்டர் மேஜைமேல் வைத்தாள். மணிக்கட்டும் விரல்களின் அடிமூட்டும் புசுபுசுவென்று வீங்கியிருந்தன. வலது கையில் எந்த விரலோ இடது கையிலும் அதே விரல். டாக்டர் ஒவ்வொரு மூட்டாக அழுத்தினார். மேஜைக்கு அடியில் அவள் கால்விரல்கள் தரையைப் பிறாண்டியதை நான் பார்த்தேன்.

"எப்போம்மா வலி ஜாஸ்தி?"

"விடிஞ்சதும் அய்யா. கை எனக்குச் சொந்தமில்லாத மாதிரி கிடக்கும். எதுத்தாப்புல ஒரு பாறை இருக்கு. அதுல பாதி வரைக்கும் வெயில் எறங்குனாத்தான் எனக்குக் கொண்டை போட முடியும்."

"அப்புறம்?"

"சோலி பாக்கப் பாக்க இளகிரும்."

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார், பாறை உட்பட. முழங்கால் நறநறத்த அந்தக் கிழவருக்கு வேலை செய்தால் வலி. இவளுக்கு ஓய்ந்து படுத்து எழுந்தால் வலி. எப்போ என்று கேட்பதன் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

சாலிசிலேட் என்ற வெள்ளைத் தூளை எழுதினார். ஒரு வேளைக்கு இருபது கிரெயின், ஏறக்குறைய பத்துக் குன்றிமணி எடை, வயிறு எரியாமல் இருக்கச் சோடா உப்பு சேர்த்து, தினம் மூன்று வேளை. பதினைந்து நாளைக்கு நாற்பத்தைந்து பொட்டலம். மழைக்காட்டில் ஈரம் ஏறிவிடும் என்று எல்லாவற்றையும் மெழுகுக் காகிதத்தில் மடிக்கச் சொன்னார்.

"இந்த மருந்துக்கு எல்லாருக்கும் பொதுவா ஒரு அளவு கிடையாது" என்று டாக்டர் எங்கள் மூவரிடமும் சொன்னார். "கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். காதுல இரைச்சல் வந்தா, அந்த ஆளுக்கு அதுதான் எல்லை. உடனே ஒரு படி இறங்கணும். அதனால, காதுக்குள்ள சில்வண்டு கத்துற மாதிரி கேட்டா எனக்குச் சொல்லணும்."

அவள் புருஷனைப் பார்த்தாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க காட்டுல அது எப்பவுமே கத்துமே அய்யா. எது வண்டு, எது மருந்துன்னு நான் எப்படிக் கண்டுக்கிடுறது?"

டாக்டர் என்னைப் பார்த்தார். மதராஸில் படித்தவருக்கு அந்தக் கேள்வி வந்திருக்க நியாயமில்லை.

நான் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தபோது அவள் என் மேஜையருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பவுண்டரய்யா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கக்கா."

"வலி கையில இருக்கு. மருந்து வயித்துக்குப் போகுது. வலி எங்க இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

இரண்டு வருஷமாக மருந்து கலக்குகிறேன். எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதில்லை. தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, "அதெல்லாம் போய்ச் சேந்துரும்" என்று மழுப்பினேன். மத்தியானம் டாக்டரிடம் அதையே கேட்டேன்.

"மருந்துக்கு ஒண்ணும் தெரியாது. உடம்பு முழுக்கப் போகும். கைக்கும் போகும், காதுக்கும் போகும். தெரிஞ்சு போறதா இருந்தா காது ஏன் இரையப்போகுது?" என்றார்.

பதினைந்து நாள் கழித்து, சந்தை நாளில் வந்தாள். வந்ததும் வராததுமாக, "கண்டுபிடிச்சுட்டேன் அய்யா" என்றாள். "காதை ரெண்டு கையாலயும் பொத்திப் பாத்தேன். சத்தம் நின்னா அது காடு. பொத்துன பெறகும் கேட்டா அது மருந்து."

டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்போ பொத்திப் பாரு."

அவள் பொத்தினாள். "கேக்குது."

சரி, எல்லை வந்துவிட்டது என்று இருபதைப் பதினைந்தாகக் குறைத்தார். கை வீக்கம் மட்டும் முன்போலவே இருந்தது. அடுத்த தடவை வந்தபோதும் காது இரைந்தது. பதினைந்து, பத்தாயிற்று. மூன்றாம் தடவையும் அதே கதை. இதற்குள் வலது கைச் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் வெளிப்பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன. பாறையில் வெயில் அடிவரைக்கும் இறங்கினால்தான் கொண்டை என்றாள். பத்து கிரெயின் என்பது ஒன்றுமே இல்லை. தலைவலிக்கு வருகிறவர்களுக்கே அதைவிட அதிகம் கொடுத்திருக்கிறேன். அதற்குக் காது இரைகிறது என்றால் யார் நம்புவது?

நான் நம்பவில்லை. டாக்டர் உள்ளே வேறு ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, குரலைத் தாழ்த்தாமலே கேட்டேன். "ஒழுங்காச் சாப்பிடுறீங்களாக்கா? இல்ல, ஓடையில கொட்டிட்டு இங்க வந்து காது, கீதுன்னு சொல்றீங்களா?"

தாழ்வாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கொட்டுறதுக்கா மலை எறங்கி வர்றேன்?" என்றாள். சத்தம் போடவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

டாக்டருக்குக் காதில் விழுந்திருந்தது. என்னை உள்ளே கூப்பிட்டார். "சந்தேகப்பட்டா சோதிச்சுப் பாரு. ஆளை வையாதே" என்றார். சோதனை என்னவென்றும் சொல்லிக் கொடுத்தார். ரத்தம் குறைந்தவர்களுக்குக் கொடுக்கும் இரும்புத் திராவகம் எங்களிடம் இருந்தது. சாலிசிலேட் சாப்பிட்டவரின் சிறுநீரில் அதை இரண்டு சொட்டு விட்டால் கத்திரிப்பூ நிறம் வருமாம். சாப்பிடாவிட்டால் வராதாம்.

ஆஸ்பத்திரி ஆயா அவளைப் பின்பக்கம் அழைத்துப்போய், எப்படியோ சொல்லிப் புரியவைத்து ஒரு கண்ணாடிக் குப்பியில் கொண்டுவந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து இரண்டு சொட்டு விட்டேன். மெல்லிய கத்திரிப்பூ நிறம் புகைபோல் பரவியது. ரொம்ப வெளுப்பு, ஆனால் சந்தேகமில்லாத நிறம். அவள் தினமும் மருந்து சாப்பிட்டுத்தான் இருந்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவளோ எங்களுக்கு முன்னால் வந்து குப்பியைக் குனிந்து பார்த்தாள். "இது எனக்குள்ள இருந்து வந்த நெறமா?"

"ஆமாக்கா. நீங்க சாப்பிட்ட மருந்து."

"நல்லா இருக்கே" என்றாள். கோபத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

டாக்டர் குப்பியை வாங்கி ஆட்டிப் பார்த்தார். "இவ்வளவு வெளுப்பா இருக்கும்போது காது இரையக் கூடாது. ஏம்மா, வேற ஏதாவது மருந்து சாப்பிடுறியா?"

"சிலமலை ஊரு வைத்தியர் கொடுத்த தைலம் தடவுறேன் அய்யா."

"அது இருக்கட்டும். உள்ளுக்கு?"

"உள்ளுக்கு ஒண்ணும் இல்ல."

அவள் போன பிறகு டாக்டர் அவளுடைய பழைய சீட்டுகளை எடுத்து வைத்துப் பார்த்தார். பிறகு, "அவங்க அடுத்து இறங்குற சந்தைக்கு முந்தின நாள் நீ மேலே போ. அவங்ககூடவே இறங்கி வா. என்ன சாப்பிடுறாங்க, என்ன குடிக்கிறாங்கன்னு பாத்துட்டு வா" என்றார். நானே கேட்கலாமா என்று இருந்தேன்.

அவள் புருஷனின் பொதிமாடுகளோடு கிளம்பினேன். குரங்கணி வரைக்கும் பாதை சுகம். மேலே மலை உச்சியிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கியபடி இறங்கிவருவதை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதற்குமேல் ஏற்றம். அட்டை கடித்து இரண்டு காலிலும் ரத்தம். அவர் சுண்ணாம்பும் புகையிலையும் குழைத்துக் கொடுத்தார்.

"அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களாமே" என்றார் வழியில்.

"தப்பாக் கேட்டுட்டேன் அண்ணே."

"எங்கிட்டச் சொன்னா. அதைவிட அந்த நெறத்தைப் பத்தித்தான் அதிகம் சொன்னா" என்று மாட்டை அதட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

தோட்டத்துக் கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். சாப்பிட்டவுடன் அவள் பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீரில் கரைத்து, என் முகத்துக்கு நேராகக் குடித்தாள். நான் கேட்டதற்கு அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எதுவும் அவள் வாயில் போடவில்லை.

விடிந்ததும் அந்தப் பாறையைப் பார்த்தேன். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், யானை படுத்ததுபோல் இருந்தது. உச்சியில் வெயில் விழும்போது அவள் அடுப்பின் முன்னால் கைகளை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரலை மடக்கிப் பார்ப்பதும் விடுவதுமாக இருந்தாள். புருஷன்தான் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தார். அவ்வளவு நேரம் ஒரு மனிதர் தம் கைக்காகக் காத்திருப்பதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சீட்டில் எழுதியபோது அது ஒரு வரியாகத்தான் இருந்தது.

கிளம்பும் நேரத்தில் லயத்து முற்றத்தில் தகர டப்பாவைத் தட்டும் சத்தம் கேட்டது. "சந்தைக்கு எறங்குறவங்க வெரசா வாங்க" என்று கங்காணி கூப்பிட்டார். இறங்குகிறவர்கள் வரிசையாக நின்றார்கள். அவளும் போய் நின்றாள். கங்காணி ஒரு பெரிய பாட்டிலிலிருந்து சின்னக் கிண்ணியில் ஊற்றிக் கொடுத்தார். ஒவ்வொருவரும் குடித்து, வாயைத் திறந்து காட்டிவிட்டு நகர்ந்தார்கள்.

மணம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கொயினா. அடிவாரத்துக் காய்ச்சல், அதாவது மலேரியா, பிடிக்காமல் இருக்க, இறங்குகிறவர்களுக்கு முந்தின சாயங்காலம் ஒரு கிண்ணி, காலையில் ஒரு கிண்ணி. தோட்டத்தில் அது சட்டம். நேற்று நாங்கள் ஏறி வருவதற்குள் சாயங்காலக் கிண்ணி முடிந்திருக்கிறது.

"அக்கா, இதை எப்பவும் குடிப்பீங்களா?"

"எறங்குற அன்னிக்கு மட்டும். குடிக்காட்டி விட மாட்டாக."

"டாக்டர் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"மருந்து சாப்பிடுறியான்னுதான கேட்டாரு? இது தோட்டத்துக் கசப்பு. காலையில கங்காணிகிட்டப் பேர் கொடுக்குற மாதிரி இது ஒரு வழக்கம். நோய் வந்தவுகளா குடிக்கிறாக?"

அவள் முகத்தில் ஒளிப்பு எதுவும் இல்லை. நான் கங்காணியிடம் எனக்கும் ஊற்றச் சொன்னேன். நானும்தானே இறங்குகிறேன் என்றேன். அவர் ஊற்றியது சின்ன அளவில்லை. நாக்கு மடங்கிக்கொண்டது. குரங்கணிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். சில்வண்டுகள் ஒரே சுருதியில் கத்திக்கொண்டிருந்தன. எதையோ நினைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் காதைப் பொத்தினேன். சத்தம் நிற்கவில்லை. மெலிதாக, உள்ளேயிருந்து, நிற்காமல் கேட்டது.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கேக்குதா?"

"கேக்குது."

"எனக்கும்" என்றாள்.

அன்று மத்தியானம் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். கொயினாவும் காதை இரைய வைக்கும் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் தெரிந்தும் தோன்றவில்லை. எங்களைப் பார்க்க வருகிற நாள் மட்டும் அவள் கொயினா குடித்திருக்கிறாள். எங்களைப் பார்க்க வருகிற நாள் மட்டும் நாங்கள் காதைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். அதை வைத்து மருந்தைக் குறைத்துக் குறைத்து, இரண்டு விரல் சாய்கிற வரைக்கும் விட்டிருக்கிறோம்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அவ பொய் சொல்லல. நான் கேட்ட கேள்வி சரியில்லை" என்றார். பிறகு அவளைக் கூப்பிட்டு அதையே அவளிடமும் சொன்னார். அந்தக் காலத்தில் ஒரு டாக்டர் தோட்டத்துக் கூலிப் பெண்ணிடம் அப்படிச் சொல்வது லேசில் நடக்கிற காரியமில்லை.

கொயினாவை நிறுத்தச் சொல்ல முடியாது. அடிவாரக் காய்ச்சல் ஆளையே கொண்டுபோய்விடும். அதனால் ஏற்பாட்டை மாற்றினார். இனி மருந்து வாங்கப் புருஷன் மட்டும் வரட்டும். அவள் மேலேயே இருந்துகொண்டு, தினமும் காலையில் காதைப் பொத்திப் பார்க்கட்டும். இரைந்த நாளுக்கு ஒரு நூலில் ஒரு முடிச்சு. அந்த நூலைக் கொடுத்தனுப்பட்டும். முடிச்சுப் போடுவது புருஷனின் வேலை, அவளுக்கு விரல் ஒத்துழைக்காது.

மறுபடி இருபதிலிருந்து தொடங்கினோம். முதல் நூலில் முடிச்சே இல்லை. நாலு வேளையாக்கினோம். அப்போதும் இல்லை. வேளைக்கு இருபத்தைந்து ஆனபோது நூலில் ஐந்து முடிச்சு வந்தது. ஒரு படி இறங்கினோம், முடிச்சு நின்றது. அவளுக்கு உரிய அளவு அதுதான். மூன்று மாசம் பிடித்தது அதைக் கண்டுபிடிக்க. நடுவில் வயிற்றெரிச்சல் வந்து ஒரு வாரம் நிறுத்தினோம். கஞ்சி குடித்த பிறகே பொட்டலம் என்று மாற்றியதும் தாங்கிக்கொண்டாள்.

புருஷன் ஒருநாள் என் மேஜைக்கு வந்து, "இப்ப வெயில் பாறைக்கு வர்றதுக்கு முந்தியே கொண்டை போட்டுர்றா" என்றார். நான் அதைச் சீட்டில் எழுதினேன். டாக்டர் அதைப் படித்தார். அன்று எல்லாச் சீட்டையும் கொஞ்சம் சிரித்த முகமாக எழுதினார்.

சாய்ந்த விரல்கள் நிமிரவில்லை. அடுத்து நேரில் வந்தபோது அவளே கேட்டாள். "அய்யா, இது சீக்கை நிறுத்துமா, வலியை மட்டும் நிறுத்துமா?"

"வலியும் வீக்கமும் குறையும். சீக்கு நிக்குதான்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியும்னு தோணல" என்றார்.

"தெரியாதுன்னாச் சரி" என்றாள் அவள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து செடியின் அடியில் காய் கிள்ளுகிற வேலை இனி ஆகாது என்று டாக்டர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கு ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தார். காய் உலர்த்தும் களத்துக்கு மாற்றினார்கள். நீளக் கம்பு வைத்த பலகையால் காயைத் துழாவிவிடும் வேலை.

இரண்டு வருஷத்தில் அந்த டாக்டருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவர் இளைஞர். அவள் கையைப் பார்த்ததும், வேறொரு மருந்தை எழுத ஆரம்பித்தார். அவர் எழுதி முடிக்கும் வரை அவள் காத்திருந்தாள். பிறகு, தனக்கு எவ்வளவு கொடுத்தால் காது இரையும், எவ்வளவில் நிற்கும், கொயினா குடித்த நாளில் அதை ஏன் நம்பக் கூடாது, கஞ்சிக்கு முன்னால் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் பேனாவைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். நான் பழைய சீட்டுகளை எடுத்து நீட்டினேன். அவர் படித்தார். பிறகு தான் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, பழையதையே எழுதினார்.

அன்றைக்கு என் மேஜையில் பொட்டலத்துக்காக நின்றபோது, "கம்பவுண்டரய்யா, நான் சொன்னதுல தப்பு ஏதும் இல்லையே?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லக்கா. எனக்கே இவ்வளவு கோர்வையாச் சொல்ல வராது" என்றேன்.

பிறகு சில வருஷத்தில் மலைக்குளிர் தாங்காமல், புருஷனும் அவளும் கீழே, போடிக்குப் பக்கத்து ராசிங்காபுரத்தில் அவள் அண்ணன் வீட்டோடு வந்து இருந்துவிட்டார்கள். காலரா ஊசி போட அந்த ஊருக்குப் போன ஒரு நாள், களத்துமேட்டில் அவளைப் பார்த்தேன். ஒரு கை முழுவதும் வளைந்திருந்தது. இன்னொன்று அவ்வளவு மோசமில்லை. ஊசிக்கு வரிசையில் நின்றவர்களிடம், அது உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்று அவள்தான் விளக்கிக்கொண்டிருந்தாள். பாதி சரி, பாதி அவளாகச் சொன்னது. நான் திருத்தவில்லை. எல்லாருக்கும் போட்டு முடித்ததும், செம்பு நிறைய மோரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தாங்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். சிந்தாமல் கொண்டுவந்திருந்தாள். குடித்துவிட்டு, வெயில் தாழ்வதற்குள் போடிக்கு நடந்தேன்.